நாலாவது கியரில் இறங்கிய நாள்

உங்களில் பாதிப் பேர் கியர் மாற்றும்போது குனிந்து கியர் ராடைப் பார்க்கிறீர்கள். நேற்று சாயங்காலம் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கியருக்கும் ஒரு கும்பிடு. அந்த ராடில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கிறது. அது உங்களுக்கு ஒண்ணாம் வகுப்பிலேயே தெரியும். நிமிருங்கள் ஐயா! உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கும் அந்தத் தங்கச்சி மட்டும் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதால் உங்கள் மீசை ஒன்றும் உதிர்ந்துவிடாது.

புது ஆட்களுக்குக் கியரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்லி முதலாளி என்னைக் கூப்பிட்டார். கிளட்சை எப்போது மிதிப்பது, எந்த வேகத்துக்கு எந்தக் கியர் என்பதையெல்லாம் வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு மாசம் போதும். நான் சொல்ல வந்தது போடிமெட்டு இறக்கத்தில் ஒரு நாள் எனக்குக் கியர் விழாமல் போன கதையை. நடந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. "குதிக்காத டிரைவர்" என்று முதலாளி என்னை உங்களுக்கு அறிமுகம் செய்தாரே, அந்தப் பேர் அன்றைக்கு வந்ததுதான். இத்தனை வருஷத்தில் நூறு தடவையாவது அதை நான் சொல்லியிருப்பேன். ஆனால் முழுசாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நான் வடகரப்பதிக்காரன். எங்கள் பக்கம் மலை ரோடு கிடையாது. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் என்று ரோடு நீட்டிப் படுத்திருக்கும். கோயமுத்தூரில் லோடு ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பினால் கணவாய்க் காற்று எதிரே வந்து வண்டியை நெஞ்சைப் பிடித்துத் தள்ளும். ஆடி மாசத்தில் லோடு லாரியே முக்கி முனகித்தான் போகும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் சித்தூர்க்காரர். நல்ல மனுஷர், கோபக்காரர். அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"கால எடு. கொஞ்சம் பொறு. வண்டி தானாச் சோரும். அப்பறம் கியரப் போடு, வெண்ணெயாட்ட உளுகும்."

எங்கள் ஊர் ரோட்டுக்கு அது சரியான பாடம்தான். அந்தக் காலத்துக் கியர்ப் பெட்டி இப்போது நீங்கள் ஓட்டுவது போல இல்லை. எஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்து வந்தால்தான் பல்லோடு பல் சேரும். மேல் கியரிலிருந்து கீழ்க் கியருக்கு வர வேண்டுமானால், நியூட்ரலில் வைத்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த நடு மிதியை மிதிக்கவே மாட்டோம். டீசல் தண்டம் என்போம். காலை எடுத்துவிட்டுப் பொறுத்திருப்போம், காற்று வண்டியைத் தணித்துக் கொடுக்கும், கியர் விழும். ஏழு வருஷம் அப்படி ஓட்டினேன், ஒரு நாள்கூட கர்ரென்று சத்தம் வந்ததில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆயுசில் ஒரு மலை ரோட்டில்கூட லாரி ஓட்டியதில்லை என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

அந்தத் தடவை சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்துக்கு ஆட்டுப் புழுக்கை உரம் ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பும்போது போடியில் ஒரு மர மில்லுக்குக் கிராண்டிஸ் தடி லோடு. கிராண்டிஸ் என்பது ஒரு ஜாதித் தைல மரம். பச்சையாக வெட்டி ஏற்றினால் கனம் சொல்லி முடியாது. எங்கள் கிளீனருக்குக் காய்ச்சல். அதனால் துணைக்கு என் மனைவியின் தம்பி வந்திருந்தான். மாப்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவேன், அப்படியே சொல்கிறேன். தென்னந்தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவன். மலையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏறினான். மறுநாள் காலையில் அவனுக்கு ஊரில் கல்யாண நிச்சயம். வேண்டாமடா என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். "மாமன் கூடத்தான போறன், விடியறதுக்குள்ள வந்தர்றன்" என்று வந்துவிட்டான்.

போடிமெட்டில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. அங்கிருந்து போடி வரை கொண்டை ஊசி வளைவுகளாகவே இறக்கம். அந்த மலையில் லாரிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தோட்டத்து வேலைக்கு போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் காலையில் ஜீப்பில் ஏறி வருவார்கள். மதியத்துக்கு மேல் அதே ஜீப்பில் இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் பத்துப் பதினைந்து பேர். அந்த நேரத்தில் லோடு லாரி இறங்காது. மெட்டில் ஓரம் கட்டி, டீ குடித்து, கடைசி ஜீப் போன பிறகுதான் எடுப்பார்கள். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாரும் செய்வார்கள்.

நாங்கள் மெட்டுக்கு வந்தபோது ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே சொன்னார்.

"லோடு வண்டியா? ஒரு மணி நேரம் ஆகும்ணே. உக்காருங்க, வடை சூடா இருக்கு."

நான் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்கு மில்லில் ஆட்கள் போய்விடுவார்கள். அதற்குள் தடியை இறக்கினால் விடிய ஊர் போய்ச் சேரலாம். ஒரு மணி நேரம் இங்கே உட்கார்ந்தால் மில் மூடிவிடும், லோடு மறுநாள்தான் இறங்கும், மாப்ளை இல்லாமல் நிச்சயம் நடக்கும்.

"மாமா, நானில்லாம தட்டு மாத்திப்போட்டாங்கன்னா அந்தப் புள்ளைய வேற எவனாச்சும் கட்டிக்குவானுங்க" என்று மாப்ளை சிரித்தான்.

"ஏறுடா" என்றேன். டீக்கடைக்காரர் கையை நீட்டி என்னவோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். நான் இரண்டாவதில்தான் ஏறியிருந்தேன். இரண்டாவதில் இறங்கினால் ஊர்ந்துகொண்டே போக வேண்டும், அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது, உடனே நாலாவது. பிரேக்கை மிதித்து மிதித்து மூன்று வளைவு திரும்பினேன். வண்டி சொன்னபடி கேட்டது. ஆஹா, இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள் என்று மனசுக்குள் ஒரு திமிர்.

நாலாவது வளைவு தாண்டியதும் மாப்ளை மூக்கைச் சுளித்தான்.

"மாமா, என்னமோ தீயற வாசம் அடிக்குதுங்."

"உனக்கு நாளைக்கு நிச்சயம். இன்னைக்கு எல்லாம் அப்படித்தான் அடிக்கும்."

சொல்லி வாயை மூடவில்லை, எனக்கும் அடித்தது. பிரேக் லைனர் கருகும் வாசனை. மிதித்தேன். பெடல் போகிறது, வண்டி தணியவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன். கொஞ்சம் பிடித்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் இல்லை. எதிரே நீளமான இறக்கம். அதன் பாதியில் ஒரு ஜீப். பின்னால் திறந்த ஜீப். பின்பக்கம் நாலு பெண்கள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. உள்ளே இன்னும் பத்துப் பேர் இருந்திருப்பார்கள்.

சரி, மூன்றாவதுக்கு வந்துவிடுவோம் என்று கிளட்சை மிதித்து நாலாவதை எடுத்தேன். எடுத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பொறுத்திருந்தேன். ஏழு வருஷப் பழக்கம். காலை எடு, கொஞ்சம் பொறு, வண்டி தானாகச் சோரும். வேலந்தாவளம் ரோட்டில் சோரும். எதிர்க்காற்று இல்லாத இறக்கத்தில், பச்சைத் தடி லோடோடு, கியர் இல்லாத வண்டி எங்கே சோரப் போகிறது? நான் பொறுத்த அந்த ஒரு மூச்சில் அது பறக்க ஆரம்பித்துவிட்டது.

ராடை மூன்றாவதுக்குத் தள்ளினேன். கர்ர்ர். உள்ளங்கை அதிர்ந்து தோள் வரைக்கும் வலித்தது. மறுபடி தள்ளினேன். கர்ர்ர். நாலாவதுக்கே திரும்பலாம் என்று இழுத்தேன், அதுவும் வாங்கவில்லை. இப்போது எந்தக் கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை. நான் குனிந்து ராடையே பார்த்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெறி பிடித்தவன் போல் ஒரே ராடை, ஒரே இடத்துக்கு, ஒரே மாதிரித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஹாரனை அடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மாப்ளைதான் எட்டி ஸ்டீயரிங் மேல் விழுந்து ஹாரனை அழுத்தினான். ஜீப்பின் பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தர் எங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஜீப்பின் தகரத்தைப் படபடவென்று அடித்து டிரைவரைப் பார்த்துக் கத்தினார். ஜீப்காரர் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அவர் நின்றிருந்தால் அத்தனை பேரும் முடிந்திருப்பார்கள். அவர் நிற்கவில்லை, வேகத்தைக் கூட்டினார். புத்திசாலி. ஆனால் கீழே அடுத்த கொண்டை ஊசி தெரிந்தது. அங்கே அவர் குறைத்தே ஆக வேண்டும்.

"மாமா, குதிச்சர்லாமுங்! குதிங்க மாமா!"

மாப்ளை அவன் பக்கத்துக் கதவைத் திறந்து படியில் நின்றுகொண்டு கத்தினான். என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அவன் அங்கே இல்லை. கண்ணாடியில் மலைப் பக்கத்து மண்ணில் அவன் உருள்வது தெரிந்தது.

நான் வண்டியிலேயே இருந்தேன். இந்த இடத்தில் ஒரு சில நொடி இருக்கிறது. அதை இப்போது தாண்டிப் போகிறேன், திரும்பி வருவேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஜீப் மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. தகரத்தை அடித்த அந்தப் பெண் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார், உள்ளங்கை என் பக்கம் பார்க்க. பத்து டன் லாரியைக் கையால் தள்ளி நிறுத்தப் பார்க்கிறார்! அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அய்யோ, இந்தப் பொம்பளை கை மேலேயா ஏற்றப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அப்போதுதான் காது திறந்தது. எஞ்சின் சத்தம் கேட்டது. சக்கரம் பேயாகப் பறக்கிறது, எஞ்சின் மட்டும் டீக்கடை முன்னால் நிற்கிற வண்டி போல மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்து வராமல் கியர் விழாது. சக்கரம் இறங்கி வராது. அப்படியென்றால் எஞ்சின்தான் ஏற வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும்.

தம்பிகளா, இப்போது உட்கார்ந்து கேட்கும்போது இது சின்ன விஷயம். அங்கே என் வலது கால் பிரேக் மேல் இருந்தது. உடம்பு பாரம் முழுக்க அந்தப் பெடல் மேல். பிடிக்காத பிரேக்தான், தெரியும். ஆனாலும் அதை விட்டுக் காலை எடுக்க மனசு வரவில்லை. ஓடுகிற வண்டியில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பது, விழப்போகிறவன் பிடித்த கிளையைத் தானே விடுவது மாதிரி. கால் மரத்துப் போயிருந்தது. கையால் தொடையைத் தூக்கி வைத்த மாதிரிதான் நகர்த்தினேன்.

மிதித்தேன். அடிவரைக்கும். எஞ்சின் அலறியது. மூன்றாவதை நினைக்கவில்லை, அந்த வேகத்துக்கு மூன்றாவது வாங்காது. எது விழுமோ அது விழட்டும் என்று கிளட்சை மிதித்து நாலாவதுக்குத் தள்ளினேன். டப்பென்று விழுந்தது. வாலைப் பிடித்து இழுத்த மாடு மாதிரி வண்டி ஒரு உதறு உதறியது. தடிகள் கேபினில் வந்து மோதின. வேகம் கொஞ்சம் அடங்கியது, கொஞ்சம்தான். மறுபடி நியூட்ரல், மறுபடி ஒரு மிதி, மூன்றாவது. இந்தத் தடவை வெண்ணெயாகத்தான் விழுந்தது. ராடைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

அதற்குள் ஜீப் வளைவுக்கு வந்துவிட்டது. குறைத்தது. என் பம்பர் அதன் பின்படியைத் தொட்டது. பெண்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒரு சாப்பாட்டுத் தூக்குப் போசி விழுந்து என் சக்கரத்தில் நசுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஜீப் திரும்பிவிட்டது. நான் திரும்பவில்லை, வளைவில் மலைப் பக்கம் இருந்த மண் திட்டில் வண்டியைக் கொண்டுபோய்ச் சாய்த்தேன். நின்றது.

எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். ஜீப்பில் இருந்த ஒருத்தருக்குக்கூட ரத்தம் இல்லை. பெண்கள் இறங்கி ரோட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள். ஜீப் டிரைவர் என் வயசுக்காரர், ஓடி வந்தார்.

"அண்ணே! குதிக்காம நின்னீகளே அண்ணே! கூட இருந்த ஆளு குதிச்சும் நீங்க நின்னீகளே! நீங்க மட்டும் குதிச்சிருந்தா இத்தன உசுரும் போயிருக்கும்ணே. சாமி மாதிரிண்ணே நீங்க."

அந்தப் பேர் அங்கேதான் பிறந்தது. ரோட்டில் வரிசையாக நின்றுவிட்ட மற்ற ஜீப்காரர்களிடம் அவர் அதைச் சொன்னார், அவர்கள் போடியில் சொன்னார்கள். மாப்ளை மேலேயிருந்து நொண்டிக்கொண்டு வந்தான். சட்டை கிழிந்து இரண்டு முழங்கையும் தோல் உரிந்திருந்தது. "இந்தா வாராருடி குதிச்ச மகராசன்" என்று ஒரு பெண் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கையை நீட்டிய பெண் மட்டும் சிரிக்கவில்லை. நேராக என் கதவுக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும்.

"எறங்குய்யா."

"எறங்கறனுங்க" என்றேன். இறங்கவில்லை.

"எறங்குன்னு சொல்றேன்ல. ஒம் மூஞ்சியப் பக்கத்துல பாக்கணும்."

அவர் படியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். கதவின் உள் கைப்பிடியை சீட் கம்பியோடு சேர்த்துத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தது. காலையில் சாந்தன்பாறையில் தடி ஏற்றும்போது கதவுத் தாழ் உடைந்துபோனது. வளைவில் கதவு தானாகத் திறக்காமல் இருக்கக் கட்டியது. முடிச்சில் ரத்தம் இருந்தது. அவர் என் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நகம் பிய்ந்து தொங்கியது.

நான் தாண்டிப் போன நொடிகள் இவைதான். மாப்ளை குதித்ததும் நானும் குதிக்கத்தான் பார்த்தேன். ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த முடிச்சைப் பிடித்துப் பிடுங்கினேன். ஜீப்பில் இருந்தவர்கள் என் நினைவிலேயே இல்லை. என் பெண்டாட்டி பிள்ளைகூட நினைவில் இல்லை. வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். முடிச்சு அவிழவில்லை. அவிழ்ந்திருந்தால் நான் குதித்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மொதல்ல குனிஞ்சு கியரப் பாத்த. அப்புறம் கதவப் பாத்த. நானும் பாத்துக்கிட்டேதான் வந்தேன். எங்கள எப்பய்யா பாத்த?"

"கடைசியாத்தானுங்க."

"குதிக்கத்தான பாத்த?"

"ஆமாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இனிமே கதவக் கட்டிக்கிட்டே ஓட்டு" என்றார். படியை விட்டு இறங்கி, மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல், நசுங்கின தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு போனார். "அந்த லாரி முன்னாடி போகட்டும், நம்ம பின்னாடி போவோம்" என்று ஜீப்காரரிடம் அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

பிரேக் ஆறும் வரை நின்றோம். அப்புறம் இரண்டாவதில் போட்டு, கீழே அடிவாரத்தில் முந்தல் ஊர் வரும் வரை ராடைத் தொடவே இல்லை. பின்னால் ஜீப்புகள் ஊர்ந்து வந்தன. ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

இப்போது வருகிற வண்டிகளில் பல் தானாக ஒத்துப்போகிறது, சிலவற்றில் கியரே தானாக மாறுகிறது என்கிறார்கள். நல்லது. பயம் மட்டும் பழைய பயம்தான். அந்த நேரத்தில் நீங்கள் தைரியசாலியாக இருப்பீர்கள் என்று நம்பி வண்டியை எடுக்காதீர்கள். நான் இருக்கவில்லை. மேலே டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்னும்போது உங்களுக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும். எந்தக் கியரில் இறங்குவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். ஜீப் போகட்டும். மில் மூடினால் மூடட்டும். விழாத கியரைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். குனிந்து பார்க்காதீர்கள். குதித்தவன் எவனையாவது பார்த்தால், தயவு செய்து சிரிக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மில்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். லோடை இறக்கிவிட்டு, விடியும்போது ஊர் சேர்ந்துவிட்டோம். மாப்ளையின் முழங்கைக் கட்டைப் பார்த்து வீட்டில் கேட்டார்கள். நான் பாதியைச் சொன்னேன். மாப்ளை குதித்ததையும் நான் வண்டியிலேயே இருந்ததையும் சொன்னேன், கயிற்றைச் சொல்லவில்லை. பெண் வீட்டார் வந்து சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தட்டு மாற்றுவதற்கு உட்கார்ந்திருந்தபோது பெண்ணின் பெரியப்பா ஆரம்பித்தார்.

"ஏனுங் மாப்ள, மாமனத் தனியா உட்டுப்போட்டுக் குதிச்சுட்டீங்களாமா? நாளைக்கு எங்க புள்ளையவும் அப்படித்தான் உட்டுப்போட்டுப் போவீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. கையில் எடுத்த தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே பெண்கள் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு முன்னால் வெற்றிலை இருந்தது. நான் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். நகம் பிய்ந்த விரலில் துணி சுற்றியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு மரியாதையாக இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

மாப்ளை என்னைப் பார்த்தான். என் விரலையும் பார்த்தான். அப்புறம் பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமன் உள்ள இருக்கறாரு, பாத்துக்குவாருங்கற தெகிரியந்தானுங். அதுலதான் குதிச்சனுங்."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பாவும் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினார். நானும் சிரித்தேன்.

கதவைக் காலையில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியவன் அவன்தான்.